‘மாத்தா’ என்றால் கண்: ஒலி ஒத்தால் மொழிகள் உறவாகிவிடுமா?

மலாய் மொழியில் கண்ணுக்கு ‘மாத்தா’ என்று பெயர். இன்றைய கிரேக்கத்தில் ‘மாத்தி’. வியட்நாமில் ‘மத்’. மூன்றும் கண்தான், மூன்றும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். இப்படிப்பட்ட சொற்களை வரிசையாக அடுக்கி, ‘பார்த்தீர்களா, எல்லாம் ஒரே மூலம்’ என்று முடிக்கும் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகின்றன. படிப்பவருக்கு நியாயமாகவே ஒரு குழப்பம் வரும். இவ்வளவு பொருத்தம் தற்செயலாக அமையுமா?

இந்த மூன்று சொற்களின் கதையும் ஒன்றல்ல. ஒரு பொருத்தம் வெறும் தற்செயல். இன்னொன்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கும் கேள்வி. மலாய் ‘மாத்தா’வோ மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை பரவிய ஒரு பெரிய மொழிக்குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. எது எது என்று பிரித்தறியும் வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

(எழுத்து பற்றி ஒரு குறிப்பு: ‘மாதா’ என்று எழுதினால் தமிழில் த மெலிந்து ஒலிக்கும். மலாயில் அது அழுத்தமான த. அதனால்தான் இங்கே ‘மாத்தா’.)

ஆஸ்ட்ரோனேசிய மொழிக்குடும்பம்

மலாய், இந்தோனேசியம், ஜாவானியம், தகாலோக், ஃபிஜியம், சமோவம், மாவோரி, ஹவாயியம், மடகாஸ்கரின் மலகாசி என்று 1,200-க்கும் மேற்பட்ட மொழிகள் சேர்ந்தது ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். இதன் தொட்டில் தைவான் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அதற்கு ஒரு காரணம், குடும்பத்தின் மிகப் பழைய கிளைகள் அந்தச் சிறிய தீவிலேயே குவிந்து கிடப்பது. மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் 1999-ல் தந்த வகைப்பாட்டில் முதன்மைக் கிளைகள் 10. அவற்றில் 9 தைவானின் பழங்குடி மொழிகள். தைவானுக்கு வெளியே உள்ள அத்தனை மொழிகளும், மலாயும் மாவோரியும் மலகாசியும் உட்பட, மீதமுள்ள அந்த ஒரே கிளைக்குள் அடக்கம். அதற்கு மலாய-பொலினேசியம் என்று பெயர்.

ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு இறங்கியவர்களின் வழிவந்தோர், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் ஃபிஜி, டோங்கா தீவுகளை எட்டினார்கள். நியூசிலாந்தில் கால் வைத்தது 13-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். அவர்கள் கூடவே கண்ணுக்கான சொல்லும் படகேறியது.

பரம்பரைச் சொல் என்று எப்படித் தெரியும்?

ஒலி ஒத்திருக்கிறது என்பதால் அல்ல. ஒலி *வேறுபடும்போதும்* அந்த வேறுபாடு ஒரு ஒழுங்கில் நடக்கிறது என்பதால்.

தமிழ் வாசகருக்கு வீட்டு உதாரணமே உண்டு. பலூச்சிஸ்தானில் பேசப்படும் பிராகுயி திராவிட மொழி என்கிறார்கள். அங்கே கண் ‘ஃகன்’, கல் ‘ஃகல்’ (தொண்டையில் உரசி வரும் ஒலி). நம் ‘க’ இருக்கும் இடத்தில் அங்கே அந்த உரசொலி. ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. சொல்லுக்குச் சொல் நடக்கும்போது அது விதியாகிறது.

பசிபிக் தீவுகளிலும் இதே சோதனையைச் செய்யலாம். ‘கண்’, ‘மூன்று’ என்ற இரண்டு சொற்கள் போதும்:

1. ஃபிஜியம்: கண் ‘மாத்தா’, மூன்று ‘தோலு’.
2. மாவோரி: கண் ‘மாத்தா’, மூன்று ‘தோரு’.
3. ஹவாயியம்: கண் ‘மாக்கா’, மூன்று ‘கோலு’.
4. ரோட்டுமன் (ஃபிஜிக்கு வடக்கே ஒரு தீவு): கண் ‘மாஃபா’, மூன்று ‘ஃபோலு’.

ஹவாயியத்தில் த இருந்த இடத்தில் எல்லாம் க. ரோட்டுமனில் எல்லாம் ஃப. ‘மாஃபா’வையும் ‘மாத்தா’வையும் மட்டும் பக்கத்தில் வைத்தால் ஒரு பட்டியல்காரர் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவார். விதி தெரிந்தவருக்கோ, கிரேக்க ‘மாத்தி’யைவிட ‘மாஃபா’தான் மலாய்க்கு நெருங்கிய சொந்தம்.

ஹவாயியத்தின் த-க மாற்றம் அப்படியொன்றும் பழங்காலத்துக் கதையும் அல்ல. ஐரோப்பியர் முதலில் அங்கே போனபோது இரண்டு ஒலிகளும் தீவுக்குத் தீவு வழங்கின. கமேகமேகா மன்னரின் பெயரை அக்காலத்து ஐரோப்பியர் ‘தமேகமேகா’ என்ற சாயலில் எழுதி வைத்திருக்கிறார்கள். மொழிக்கு எழுத்து வடிவம் கொடுத்த கிறித்தவப் பணியாளர்கள் 1826-ல் எந்த எழுத்துகளை வைத்துக்கொள்வது என்று வாக்கெடுப்பு நடத்தித்தான் ‘க’வை நிலைநிறுத்தினார்கள். சமோவாவில் இன்றும் புத்தகமொழியில் ‘மாத்தா’, வீட்டுப் பேச்சில் ‘மாக்கா’.

தைவான் பக்கம் திரும்பினால் இன்னும் நுட்பமான சான்று கிடைக்கிறது. பைவான் மொழியில் கண் ‘மாத்ஸா’. ஆமிஸ் மொழியில் ‘மாத்தா’. மூலமொழியில் ‘த’ என்றும் ‘த்ஸ’ போன்றது என்றும் இரு வேறு ஒலிகள் இருந்தன, கண்ணில் இருந்தது இரண்டாவது. பைவான் போன்ற மொழிகள் இரண்டையும் தனித்தனியே காப்பாற்றின. தைவானை விட்டுக் கிளம்பிய கிளையில் இரண்டும் கலந்து ஒரே ‘த’ ஆகிவிட்டது. வெளியே போன மொழிகள் எல்லாம் ஒரே கிளை என்று சொல்வதற்கு இந்தக் கலப்பும் ஒரு ஆதாரம். ஒரு சிறு மெய்யொலி கடல் கடந்த ஒரு பெரும் பயணத்துக்குச் சாட்சி சொல்வதை வரலாற்று மொழியியலின் பெரிய அழகுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

மடகாஸ்கரில் ஒரு பொறி

மலகாசி ஆஸ்ட்ரோனேசிய மொழி. போர்னியோவின் தென்கிழக்கில், பாரிட்டோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மஆன்யான் மொழிதான் அதற்கு மிக நெருக்கம் என்பதை நார்வே மொழியியலாளர் ஒட்டோ கிறிஸ்டியன் டால் 1951-ல் நிறுவினார். மலகாசியில் கண் ‘மாஸு’. சூரியன் ‘மாஸுஆண்ட்ரு’, அதாவது பகலின் கண்.

‘மாத்தா’ ஒலி மாறி ‘மாஸு’ ஆகியிருக்கும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். குடும்பம் சரி, பொருள் சரி, முதல் எழுத்தும் சரி. ஆனால் விதியை வைத்துப் பார்த்தால் இடிக்கிறது:

1. மலாய் ‘மாத்தி’ (சாவு) மலகாசியிலும் ‘மாத்தி’. த அப்படியே இருக்கிறது.
2. மலாயில் பழைய ‘பித்து’ (ஏழு) மறைந்துவிட்டது. ஜாவானியத்தில் ‘பித்து’ இருக்கிறது. மலகாசியில் ‘ஃபித்து’. அங்கும் த அப்படியே.
3. மூன்று, ஜாவானியத்தில் ‘தெலு’, மலகாசியில் ‘தேலு’. மறுபடியும் த.

ஆக த எங்கும் ஸ ஆகவில்லை. கண்ணில் மட்டும் ஏன் ஆக வேண்டும்? பதில் எதிர்க்கரையில் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் சுவாஹிலியில் ஒரு கண் ‘ஜிச்சோ’, பல கண்கள் ‘மாச்சோ’. அங்கே ‘மா’ என்பது வேரின் பகுதியே அல்ல, பன்மை முன்னொட்டு. மலகாசியின் ‘மாஸு’, சுவாஹிலி அடங்கிய ஆப்பிரிக்க மொழிக்குடும்பமான பாண்டு மொழிகளிடமிருந்து வந்த கடன் என்பதே ஒலிவிதிக்கு ஒத்துப்போகும் விளக்கம். மலகாசியர் கோழிக்கும் (‘அகூஹு’, சுவாஹிலியில் ‘குக்கு’), மாட்டுக்கும் (‘ஊம்பி’, சுவாஹிலியில் ‘ங்ஙோம்பே’) பாண்டுச் சொற்களையே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘கண், காது, தண்ணீர் போன்ற அடிப்படைச் சொற்களை யாரும் கடன் வாங்குவதில்லை’ என்று பட்டியல்களில் அடித்துச் சொல்வார்கள். குறைவாகவே கடன் வாங்கப்படும் என்பதுதான் சரி. மலகாசியில் சொல் ஆப்பிரிக்காவுடையது, ‘பகலின் கண்’ என்று சூரியனைச் சொல்லும் வழக்கமோ தென்கிழக்கு ஆசியத் தீவுக்கூட்டத்திலிருந்து கொண்டுவந்தது. ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு கரைகளும் இருக்கின்றன.

கிரேக்க ‘மாத்தி’யும் மீனாட்சியும்

கிரேக்கச் சொல்லின் வரலாறு எழுத்தில் பதிவானது, ஆகவே ஊகத்துக்கு வேலையில்லை. பழங்கிரேக்கத்தில் கண்ணுக்கு ‘ஓம்மா’ என்று ஒரு சொல் உண்டு. அதோடு சிறுமைப் பொருள் விகுதி சேர்ந்து ‘ஓம்மாத்தியோன்’ ஆயிற்று, ‘சிறுகண்’ என்பதுபோல. காலப்போக்கில் முன்னும் பின்னும் தேய்ந்து ‘மாத்தி’ என்று நின்றது.

‘ஓம்மா’வின் வேர், ‘பார்த்தல்’ பொருள்கொண்ட ‘ஓக்வ்’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேர். லத்தீன் ‘ஓக்குலுஸ்’, சமஸ்கிருத ‘அக்ஷி’, ஆங்கில ‘ஐ’ எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. கிரேக்கத்தில் வேரின் கடைசி மெய் அடுத்து வந்த ம-வோடு கலந்து ம ஆனது, முதல் உயிர் பின்னாளில் உதிர்ந்தது. இன்றைய ‘மாத்தி’யில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் விகுதிகள்தான். மலாய் ‘மாத்தா’வோடு ஒத்துப்போகிற அதே ‘மாத்’ என்ற பகுதி, கிரேக்கத்தில் கண் என்ற பொருளுக்குச் சொந்தமான பகுதியே அல்ல.

‘அக்ஷி’ தமிழருக்கு அன்றாடம் பழகிய சொல். மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி என்ற பெயர்களின் பின்பாதி அதுதான். ஆக மீனாட்சியின் ‘ஆட்சி’க்கும் கிரேக்க ‘மாத்தி’க்கும் உண்மையிலேயே உறவு உண்டு, ஒலியில் துளிகூட ஒற்றுமை இல்லாவிட்டாலும். ‘மாத்தி’க்கும் மலாய் ‘மாத்தா’வுக்கும் ஒலி ஒற்றுமை முழுமையாக இருந்தும் உறவு கிடையாது. அமெரிக்க மொழியியலாளர் லியோனார்ட் புளூம்ஃபீல்ட் 1933-லேயே இந்த இணையைத் தற்செயலுக்கு உதாரணமாக எடுத்துக்காட்டினார்.

தற்செயல் இவ்வளவு எளிதாக நடக்குமா என்றால், நடக்கும். ம, த, அ மூன்றும் உலக மொழிகளில் மிகப் பரவலான ஒலிகள். ஆயிரக்கணக்கான மொழிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான அடிப்படைச் சொற்கள். இவ்வளவு பெரிய குவியலில் சில சொற்கள் ஒலியிலும் பொருளிலும் முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான எம்பாபரத்தில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர். ஆங்கிலத்தோடு ஒரு தொடர்பும் இல்லை, அதன் சகோதர மொழிகளின் சொற்களிலிருந்து விதிப்படி அப்படி மாறி வந்தது.

வியட்நாம், தாய்லாந்து: முடிவாகாத வழக்கு

வியட்நாமிய ‘மத்’ ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேகாலயாவின் காசி மொழியில் ‘க்மத்’, மியன்மாரின் மோன் மொழியில் ‘மத்’, ஜார்க்கண்டின் முண்டாரியில் ‘மெட்’ என்று அந்தக் குடும்பத்துக்குள் சொல் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வியட்நாம் தனியாக மலாயிடமிருந்து வாங்கிய சொல் அல்ல இது. கேள்வி என்னவென்றால், இந்த முழுக் குடும்பமும் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பமும் இன்னும் பழைய ஒரு மூலத்திலிருந்து பிரிந்தவையா? வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற அறிஞர் 1906-ல் ஆம் என்றார், அதற்கு ‘ஆஸ்ட்ரிக்’ என்று பெயரும் வைத்தார். இரு குடும்பத்துக்கும் இடையே ஒழுங்கான ஒலிவிதிகள் இன்றுவரை போதுமான அளவு காட்டப்படவில்லை. ‘மத்-மாத்தா’ என்ற ஒரு சோடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அது தனியே ஒரு வழக்கை வெல்லாது.

தாய் மொழியில் நிலைமை இன்னும் சுவையானது. அங்கே கண் வெறும் ‘தா’. ஆனால் தாயின் தூரத்து உறவான, தென்சீனாவில் மிகச் சிலரே பேசும் புயாங் மொழியில் கண் ‘மாத்தா’ என்றே ஈரசையில் நிற்கிறது. தாய் மொழிகள் முதல் அசையை உதிர்த்துவிட்டன, புயாங் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது வாதம். தாய்க் குடும்பத்துக்கும் ஆஸ்ட்ரோனேசியத்துக்கும் உறவு உண்டு என்று பால் பெனடிக்ட் 1942-ல் முன்வைத்த கருத்துக்குப் புயாங்கின் இத்தகைய சொற்கள் பிற்காலத்தில் வலுவூட்டின. ஆஸ்ட்ரிக் கருத்தைவிட இது ஒலி ஒழுங்கில் மிகத் திடமானது என்பது என் மதிப்பீடு. ‘மா’ தேய்ந்து ‘தா’ ஆனது என்று சொன்னால் போதாது, மற்ற சொற்களிலும் அதே இடத்தில் அதே தேய்வு தெரிய வேண்டும். இங்கே தெரிகிறது.

‘மாத்தி’ என்றால் சாவு: அரபியோடு ஒரு மோதல்

மலாயில் ‘மாத்தி’ என்றால் சாவது. அரபியில் ‘மாத்த’ என்றால் ‘இறந்தான்’. சதுரங்கத்தில் ‘ஷா மாத்’ என்பதன் பின்பாதியும் இதுவே என்பார்கள். மலாய்க்காரர்கள் முஸ்லிம்கள், அரபிச் சொற்கள் ஏராளமாக வாங்கியவர்கள், ஆகவே இதுவும் கடன் என்று நினைக்கத் தோன்றும்.

அப்படியல்ல. பிலிப்பைன்ஸின் தகாலோக்கில் இறந்தது ‘பதாய்’, சாவது ‘மமதாய்’. ஹவாயியத்தில் ‘மாக்கே’ (அதே த-க விதி). இஸ்லாம் எட்டிப்பார்க்காத தீவுகளிலும் சொல் இருக்கிறது. மேலும் இங்கே ம என்பது முன்னொட்டு, வேர் அதற்குப் பின்னால் இருக்கிறது. அரபியிலோ ம வேரின் முதல் எழுத்து. மலாய் உண்மையிலேயே அரபியிடம் வாங்கியவை ‘மவுத்’ (மரணம்), ‘மாயத்’ (சடலம்) என்ற சொற்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் வழங்கும் மவுத்து, மையத்து இதே அரபிச் சொற்கள்தான். ஒரே மொழிக்குள் பரம்பரைச் சொல்லும் கடன் சொல்லும் அருகருகே இருப்பதால், கடன் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.

கண் எங்கெல்லாம் போகிறது?

சொல்லின் வயதைவிட அதன் பொருள் விரிந்த விதம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. மலாயிலும் இந்தோனேசியத்திலும் ‘மாத்தா’ உடம்பை விட்டு எப்போதோ இறங்கிவிட்டது. கத்தியின் கூர்ப்பக்கம் ‘கத்தியின் கண்’. பள்ளிப் பாடம் ‘பாடத்தின் கண்’. நாணயம் ‘பணத்தின் கண்’. திசைகள் ‘காற்றின் கண்’. ‘அயர் மாத்தா’ என்றால் கண்ணீர், அதையே திருப்பிப் போட்டு ‘மாத்தா அயர்’ என்றால் நீரூற்று.

நீரூற்றைத் தமிழர் ஊற்றுக்கண் என்கிறோம். அரபியில் ‘அய்ன்’ கண்ணுக்கும் ஊற்றுக்கும் பொது. பாரசீகத்தில் ‘சஷ்ம்’ கண், ‘சஷ்மா’ ஊற்று. தாயில் ‘தா நாம்’, கண்-நீர், என்றால் ஊற்றுதான். இது சொல் உறவு அல்ல, பார்வை ஒற்றுமை. தரையில் வட்டமாகத் திறந்து ஈரம் கசியும் இடத்தைக் கண்ணாகப் பார்ப்பது மனிதர்கள் பல இடங்களில் தனித்தனியே கண்டுகொண்டது.

சில உருவகங்களோ வட்டாரத்துக்கே உரியவை. கணுக்கால் மூட்டு மலாயில் ‘காலின் கண்’, வியட்நாமில் ‘மீன் கண்’, தாயிலும் கண்ணோடு சேர்ந்த சொல்லே. சூரியன் மலாயில் ‘மாத்தாஹாரி’, ஃபிஜியில் ‘மாத்தாநிசிங்கா’, மலகாசியில் ‘மாஸுஆண்ட்ரு’, தாயில் ‘தாவான்’. எல்லாமே ‘பகலின் கண்’. ‘மாத்தா’, ‘மாஸு’, ‘தா’ என்று வேறு வேறு சொற்கள், ஒரே படிமம். மொழிகள் சொல்லை விட்டுவிட்டு எண்ணத்தை மட்டும் பரிமாறிக்கொள்வதும் உண்டு.

இந்தச் சூரியன்தான் ஐரோப்பாவில் ஒரு பெண்ணின் பெயரானது. நெதர்லாந்தின் லீவார்டனில் 1876-ல் பிறந்த மார்கரெட்டா செல்லே, கணவரோடு டச்சு கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பி, 1905-ல் பாரிஸில் மாத்தா ஹாரி என்ற பெயரில் நடன மேடை ஏறினார். ஜெர்மனிக்கு உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டி 1917 அக்டோபர் 15 அன்று பிரான்ஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. இந்தோனேசியத்தில் ‘மாத்தா-மாத்தா’ என்றால் உளவாளி. ஆகவே உளவாளி என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர் என்று சிலர் எழுதுகிறார்கள். பெயர் குற்றச்சாட்டுக்குப் பல ஆண்டுகள் முந்தியது, பொருளும் சூரியன். மலாயாவில் அதே ‘மாத்தா-மாத்தா’ ஆங்கிலேயர் காலத்துப் போலீஸ்காரரைக் குறித்தது.

ஃபிஜியில் கண் முகமாகவும் ஆகிறது. தலைவரின் சார்பில் பேசும் அதிகாரபூர்வத் தூதர் ‘மாத்தாநிவானுவா’, அதாவது மண்ணின் முகம். ஜாவாவில் நேர் எதிர்: அங்கே மரியாதை அடுக்குகள் கடுமையானவை. பெரியவரின் கண்ணை ‘மாத்தா’ என்று சொல்லக்கூடாது, அதற்கு வேறு சொற்கள் உண்டு. ‘மாத்தாமு’, ‘உன் கண்’, என்பது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. இந்தோனேசியம் பார்வையற்றவரை ‘துனாநேத்ரா’ என்கிறது. ‘நேத்ரா’ நமக்குத் தெரிந்த நேத்திரம்தான்.

மாத்தாரிக்கி: விண்மீனும் விடுமுறையும்

2022 ஜூன் 24 அன்று நியூசிலாந்து முதன்முறையாக மாத்தாரிக்கியை அரசு விடுமுறையாகக் கொண்டாடியது. நாள் ஆண்டுதோறும் ஜூன், ஜூலைக்குள் மாறும். மாத்தாரிக்கி என்பது நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் சொல்லும் விண்மீன் கூட்டம். நடுக்குளிர்காலத்தில் விடியலுக்கு முன் அது மீண்டும் தெரிவது மாவோரிகளின் புத்தாண்டு.

பெயரை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ‘மாத்தா ரிக்கி’ என்றால் சின்னக் கண்கள். ‘மாத்தா அரிக்கி’ என்றால் தலைவனின் கண்கள். இரண்டாவது பிரிப்போடு ஒரு கதையும் வருகிறது: வானத் தந்தை ரங்கிநுயியையும் பூமித்தாய் பாப்பாத்தூவானுக்குவையும் பிள்ளைகள் பிரித்தபோது, காற்றின் கடவுள் தாஃபிரிமாத்தேயா கோபத்தில் தன் கண்களைப் பிடுங்கி வானில் எறிந்தான் என்கிறது அது.

ஹவாயில் அதே கூட்டம் ‘மாக்காலிஇ’. த இருந்த இடத்தில் க, ர இருந்த இடத்தில் ல, பழைய க இருந்த இடத்தில் தொண்டை அடைப்பொலி. மூன்று விதிகளும் ஒரே பெயரில் வேலை செய்கின்றன. ‘லிஇ’ என்றால் சிறியது, ‘அலிஇ’ என்றால் தலைவன் என்பதால் மாவோரியின் இரட்டைப் பொருள் அங்கும் அப்படியே நீடிக்கிறது. ஹவாயில் இந்தக் கூட்டம் நவம்பர் வாக்கில் அந்தி சாய்ந்ததும் கிழக்கே எழுவதைப் பார்த்து ‘மாக்காஹிக்கி’ என்ற புத்தாண்டு விழாப் பருவத்தைத் தொடங்குவார்கள். நம் கார்த்திகை மாதமும் அந்த நாள்களில்தான் வருகிறது.

பட்டியல் கையில் கிடைத்தால்

ஒரு சொல்லிணையைக் காட்டி உறவு சொல்லும்போது கேட்க வேண்டியவை இவை.

1. சொல்லைச் சரியாகப் பிரித்திருக்கிறார்களா? தகாலோக் ‘மதபாங்’ (துணிவுள்ள) ‘மாத்தா’வில் தொடங்குவதுபோல் தெரியும். உண்மையில் அது ‘ம’ + ‘தபாங்’. ‘மத்தாபோப்ரே’, ஏழைகளை இளக்காரமாகப் பார்ப்பவர், என்ற தகாலோக் சொல்லில் ‘கண்’ தேடுவதும் வீண். அது ஸ்பானிய ‘மத்தா’, கொல்வது.
2. அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் நடக்கிறதா? மலகாசி ‘மாஸு’ விழுந்தது இந்தக் கேள்வியில்தான்.
3. இரண்டு மொழிகளின் பழைய வடிவங்கள் என்ன? கிரேக்கம் விழுந்தது இங்கே.
4. கடன் என்றால், அந்த இரு மக்களும் எங்கே, எதற்காகச் சந்தித்தார்கள்?

நான்காவது கேள்விக்குத் தமிழிடமே நல்ல விடை உண்டு. மலாயின் ‘கெடாய்’ (கடை), ‘காப்பால்’ (கப்பல்), ‘கட்டில்’, ‘பெத்தி’ (பெட்டி), ‘காவால்’ (காவல்), ‘குயில்’ (கோயில்) எல்லாம் தமிழிலிருந்து போனவை. ஹவாயிலோ ஃபிஜியிலோ இவற்றுக்கு விதிப்படி ஒத்த பரம்பரைச் சொற்கள் இல்லை. எல்லாமே துறைமுகத்திலும் சந்தையிலும் வீட்டுச் சாமானிலும் புழங்கும் சொற்கள். கண், கை, மூன்று, ஏழு போன்றவை இந்தப் பட்டியலில் கிடையாது. சந்திப்பு நடந்த இடத்துக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது: சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே இயங்கியதைச் சொல்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் தமிழின் தடம் தேடுவோர் ‘மாத்தா’வை விட்டுவிட்டு, இந்தக் கடைச்சொற்களையும் கல்வெட்டுகளையும் பின்தொடர்ந்தால் கை நிறையக் கிடைக்கும்.